லைன் சுத்தம்

போன மாதம் பாஷா போன் பண்ணினான். எங்கள் வேட்டைச் சங்கத்தில் ஜீப் ஓட்டினவன், எனக்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷக் கூட்டாளி. கென்னல் கொட்டிலில் மிச்சமிருந்த வேட்டை ஹவுண்டுகளை எல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து முடித்துவிட்டார்களாம்.

"காலி, ஏழுமலை. கூண்டு எல்லாம் தொறந்து கெடக்கு. ஒரு சத்தம் இல்ல."

"தொறந்து போட்டா தெருநாய் உள்ள பூந்துடாதா?" என்றேன்.

"அரே, உன் மண்டைய திருத்தவே முடியாது பா. உள்ள என்ன இருக்கு பூந்து எடுத்துட்டுப் போக?"

மறுநாள் சங்கத்துக் காரியதரிசி அம்மா பேசினார். சங்கத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "இருபத்தாறு வருஷம் இருந்திருக்கீங்க ஏழுமலை, நல்ல ஞாபகமா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல நாங்க மாத்திக்கிறோம்" என்றார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தாலும் சரி என்று உட்கார்ந்தேன். நல்ல ஞாபகம் எதை எடுத்தாலும் அது போய் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் மலருக்கு எழுதவில்லை. இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலையைச் சொன்னால் நான் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்து வீட்டு முருகேசன் ஒரு தடவை முழுக்கக் கேட்டுவிட்டு, "அதாவது ஒரு கோணிப்பைய இருபது நாய் தொரத்துது. அந்த நாய இருபது பணக்காரன் குதிரையில தொரத்துறான். கடைசில என்னய்யா கெடைக்கும்?" என்றான்.

"நாய்க்கு வெந்த ஆட்டுப் போட்டி கெடைக்கும்."

"பணக்காரனுக்கு?"

"முதுகு வலி" என்றேன். சந்து முழுக்கச் சிரித்தது.

ஆனால் விஷயம் அதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் நிஜமாகவே நரியைத் துரத்தினார்கள் என்று சொல்வார்கள். எங்கள் காலத்தில் உயிருள்ள எதையும் துரத்துவதில்லை. ஒரு ஆள் முன்னாடியே ஓடி வாசம் போட்டுவிட்டுப் போவான். அதற்கு லைன் என்று பேர். ஹவுண்டுகள் அந்த லைனை மோந்துகொண்டு ஓடும், பின்னால் குதிரைக்காரர்கள் போவார்கள். அந்த வாசம் போடும் ஆள் நான்.

ஹொசகோட்டை தாண்டி சங்கத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மீதியெல்லாம் சுற்றுப்பட்டு விவசாயிகளுடையது. எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. "ராகி அறுத்தாச்சு, வாங்க" என்று கௌடர்கள் சொன்னால் போவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை மேல் பாதி ஊர் நின்று வேடிக்கை பார்க்கும். யார் முதலில் குதிரையிலிருந்து விழுவார் என்று பெண்கள் பந்தயம் கட்டுவார்கள். விழுந்தவருக்கு முனேகௌடர் வீட்டிலிருந்து மோர் வரும். சீசன் முடிந்ததும் சங்கத்துச் செலவில் ஊருக்கே களியும் கறிக்குழம்பும். கம்பெனி முதலாளியும் ஆடு மேய்ப்பவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை அங்கேதான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நின்றது. கேட்டைத் திறந்தால் சாத்த வேண்டும். ஒரு கேட்டு திறந்து கிடந்து ஒரு மாடு ரோட்டுக்குப் போனால் அடுத்த வாரத்திலிருந்து அந்த நிலம் கிடையாது.

பந்தய மைதானத்தில் குதிரை தேய்த்துக்கொண்டிருந்த என்னை அங்கே சேர்த்துக்கொண்டவர் பொன்னப்பா சார். குடகுக்காரர், பட்டாளத்தில் குதிரைப் படையில் இருந்து ரிட்டையர் ஆனவர். சங்கத்தின் ஹண்ட்ஸ்மேன், வேட்டையில் ஹவுண்டுகளை நடத்துபவர். ஹவுண்டுகள் அவருடைய பேச்சை மட்டும்தான் கேட்கும். ஒரு வருஷம் கென்னல் கழுவினேன், இன்னொரு வருஷம் பாஷாவோடு எண்ணெய் கேன் தூக்கினேன். அதற்கப்புறம் கோணி என் கைக்கு வந்தது.

பொன்னப்பா சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முதல் நாள் நான் "நாய்ங்களுக்குத் தண்ணி வெக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். அவர் வாசலைக் காட்டினார். "நாய் அங்கே, ரோட்டில இருக்கு. அதுக்கும் வெச்சிட்டு வா. இங்கே இருக்கறது ஹவுண்ட்." நிஜமாகவே போய் ரோட்டு நாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு வரும்வரை பேசவில்லை.

ஹவுண்டை ஒன்று, இரண்டு என்று எண்ண விடமாட்டார். ஜோடிக் கணக்குதான். எங்களிடம் இருந்தது பதினொன்றரை ஜோடி. இருபத்து மூன்று என்று யாராவது சொன்னால் காதில் விழாத மாதிரி நிற்பார். தீனி வைக்கும்போது கதவைப் பாதி திறந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஒன்று மட்டும்தான் வெளியே வரும். மற்றதெல்லாம் எச்சில் ஒழுக நிற்கும், நகராது. முதலில் எப்போதும் டைமன்தான். டயமண்ட் என்பது சங்கத்துப் புத்தகத்தில் எழுதியிருந்த பேர், கென்னலில் டைமன். ஒரு காது கிழிந்த பெட்டை. வாசம் தப்பினால் மற்ற ஹவுண்டுகள் எல்லாம் டைமன் என்ன சொல்கிறது என்று அதன் வாயைப் பார்க்கும்.

லைன் போடுவது எப்படி என்று எழுதிவிடுகிறேன், இனிமேல் யாருக்கும் தேவைப்படாது என்றாலும். சோம்பு எண்ணெய், அது மண்ணில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் கடலை எண்ணெய், காற்றில் எழும்ப நாலு சொட்டு மண்ணெண்ணெய். இதில் கோணியை முந்தின நாளே ஊற வைக்க வேண்டும். காலையில் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் கோணியைத் தூக்கிவிட வேண்டும். அங்கே முப்பது நாற்பது அடிக்கு வாசம் இருக்காது. ஹவுண்டுகள் திகைத்து நின்று, சுற்றிச் சுற்றித் தேடி மறுபடி பிடிக்கும். அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருவதே. முடிவிடத்தில் ஜீப் நிற்கும். கோணியைத் தகர டின்னில் போட்டு மூடியை அடித்து இறுக்க வேண்டும். அதன் பிறகு சாருக்கு போன். இரண்டே வார்த்தைதான்: "லைன் சுத்தம்." அந்த இரண்டு வார்த்தை வராமல் அவர் ஹவுண்டுகளை வெளியே எடுக்கமாட்டார்.

சுத்தம் என்றால் என்ன அர்த்தம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். "போன வழியில திரும்பி வரக் கூடாது. செத்தாலும் வரக் கூடாது. உனக்கு அது வந்த வழி. ஹவுண்டுக்கு அது புது லைன். பழசா புதுசான்னு கேட்டா, அது புதுசுதான் வேணும்னு சொல்லும்."

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பயந்தவன். பேயைக் கண்டு பயப்படுகிற பயம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சந்து முனை வரைக்கும் போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிற பயம். சிலிண்டரை மூடிவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். என் சம்சாரம் செல்வி, "பூட்ட இழுத்து இழுத்தே ஒருநாள் கையோட புடுங்கிட்டு வந்துடப் போறாரு" என்று எல்லோரிடமும் சொல்வாள். பொன்னப்பா சாருக்கும் அது தெரியும். "பயப்படறவன்தான் கேட்டு சாத்துவான்" என்று சொல்லித்தான் என்னை வைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஜனவரி மாதக் காலை, பனி சரியாக விலகவில்லை. அன்றைக்கு முனேகௌடர் நிலம். கௌடர் நிலத்துக்கு லாரி ரோட்டுப் பக்கம் ஒரு இரும்புக் கேட்டு உண்டு. பாஷா என்னை அந்தக் கேட்டுக்குள் இறக்கிவிட்டு, போட்டி வெந்துவிட்டதா என்று பார்க்கக் கென்னலுக்குப் போனான். நான் கேட்டைச் சாத்தினேன். சங்கிலி போட்டேன். ஏரிக்கரைக்கு நடந்து போய் அங்கிருந்து லைன் போட்டேன். ராகிக் காடு, கல் குட்டை, நீலகிரித் தைலமரத் தோப்பு. தோப்புக்குள் கோணியைத் தூக்கினேன். பிறகு கோவில் மேடு வரை இழுத்து முடித்தேன். அருமையான லைன். அதை விட நல்ல லைன் நான் போட்டதில்லை.

மேட்டில் ஜீப் இல்லை. ரோட்டில் ஏதோ டிப்பர் குறுக்கே நின்று பாஷா மாட்டிக்கொண்டிருந்தான். டின் ஜீப்பில் இருக்கிறது. கோணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சும்மா நின்றதுதான் தப்பு. சங்கிலி போட்டேனா?

போட்டேன் என்று மனசு சொன்னது. கொக்கி விழுந்த சத்தம் கேட்டதா என்று இன்னொரு மனசு கேட்டது. கௌடர் வீட்டில் அப்போது கன்று போட்ட பசு இரண்டு, கட்டாமல் மேயும். ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு டிப்பர் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் பொறுத்தேன். பொறுக்க முடியவில்லை. கோணியை மேட்டில் போட்டுவிட்டுப் போகலாம் என்றால் ஊர் நாய் இழுத்துக்கொண்டு போய் லைனைக் கெடுத்துவிடுமோ என்று அதுவும் பயம். தோளில் போட்டுக்கொண்டு தோப்பு வழியாகக் குறுக்கே நடந்தேன். கோணி சொட்டிக்கொண்டே வந்தது. சட்டை நனைந்தது தெரிந்தது.

கேட்டு சாத்தியிருந்தது. சங்கிலி போட்டிருந்தது. கொக்கி விழுந்திருந்தது.

இழுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை.

திரும்ப மேட்டுக்கு நடக்க நேரம் இல்லை. கேட்டு மேல் ஏறிக் குதித்து, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றேன். பாஷா வந்தான். "இங்க எதுக்குடா நிக்கிற?" என்றான். "ஒனக்காகத்தான், லேட்டாயிடுச்சேன்னு எதுர வந்தேன்" என்றேன். கோணியை டின்னில் போட்டு மூடியை அடித்தேன். போன் அடித்தது.

"ஏழுமலை. லைன் எப்படி?"

சொல்லியிருக்கலாம். சார், தோப்புக்குள்ளே திரும்பி வந்துவிட்டேன் என்று ஒரு வாக்கியம். அரை மணி தள்ளிப் போட்டு, ஏரிக்குக் கிழக்கே வேறு லைன் போடச் சொல்லியிருப்பார். கோபப்பட்டிருக்க மாட்டார். ஆனால் இருபது குதிரை சேணம் கட்டி நிற்கிறது, ஊர் ஏரிக்கரையில் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனியில் எண்ணெய் காயாது. அது எனக்குத் தெரியாதா?

"லைன் சுத்தம், சார்."

ஜீப்பில் சுற்றிக்கொண்டு கோவில் மேட்டுக்குப் போய், போட்டி வாளியோடு நின்றோம். அங்கிருந்து தோப்பு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். முதலில் சார் ஊதும் கொம்பு. பிறகு ஹவுண்டுகள் குரல் கொடுப்பது, பதினொன்றரை ஜோடியும் ஒன்றாக. கேட்காதவர்களுக்கு அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. குரல் தோப்புக்குள் வந்தது. நின்றது. நான் கோணியைத் தூக்கின இடம். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு டைமன் குரல், அதைத் தொடர்ந்து எல்லாம்.

அந்தக் குரல் எங்களைப் பார்த்து வரவேண்டும். வரவில்லை. தேய்ந்துகொண்டே போனது.

"எங்கடா போவுது?" என்றான் பாஷா.

எனக்குத் தெரியும் எங்கே போகிறது என்று. உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாளியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பாஷா ஒரு பீடி பற்ற வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டான், அவ்வளவு நேரம். பிறகுதான் "ரோடு, பாஷா, ரோடு" என்று கத்தினேன்.

நாங்கள் போவதற்குள் முடிந்துவிட்டது. கேட்டுக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி. ஹவுண்டுகள் அதில் நுழைந்து போயிருக்கின்றன. குதிரைகள் கேட்டுக்குள்ளேயே நின்றன. அவ்வளவு உயரம் எந்தக் குதிரையும் தாண்டாது. சாத்தாமல் விட்டிருந்தால் பொன்னப்பா சார் குதிரையோடு வெளியே வந்து முன்னால் போய் மறித்திருப்பார். சாத்தியிருந்ததால் அவர் இறங்கி, பூட்ஸ் காலோடு ஏறிக் குதித்து, சாட்டையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ரோட்டு நடுவில் ஓடியிருக்கிறார். முதல் டிப்பர் நின்றது. பின்னால் வந்தது நிற்கவில்லை.

டைமன் புளியமரத்தடி வரைக்கும் வந்திருந்தது. நான் நின்ற அதே இடம். அங்கே மூக்கை வைத்தபடி படுத்திருந்தது. உடம்பில் அடிபட்ட இடமே தெரியவில்லை. தூக்கின பிறகுதான் தெரிந்தது.

சாருக்கு இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் மத்தியானம் அவரைப் பார்க்க விட்டார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "எத்தனை?" என்று கேட்டார்.

"பதினெட்டு இருக்கு சார்."

கண்ணை மூடிக்கொண்டார். "ஒன்பது ஜோடி" என்றார்.

தலையணையைச் சரி பண்ணலாம் என்று குனிந்தேன். என் தோள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவர் ஒருமுறை மோந்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும் அப்படியே நின்றேன். காலையிலிருந்து அதே சட்டை. டின்னில் மூடி வைத்த கோணியின் வாசம் தோளில் எப்படி வரும்? கேட்கவில்லை அவர்.

"வீட்டுக்குப் போப்பா" என்றார். "சட்டைய மாத்து முதல்ல."

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. பாஷா வெளியே, நான் உள்ளே. ஒரு மெம்பர் என்னைப் பார்த்து, "லைன் சரியா இருந்ததா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர், பொன்னப்பா சார் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியதைப் படித்தார். "லைன் சுத்தமாக இருந்தது, ஹவுண்டுகள் என் கட்டுப்பாட்டை மீறிவிட்டன, பொறுப்பு முழுக்க என்னுடையது" என்றிருந்தது. அவ்வளவுதான். எனக்குக் காபி கொடுத்தார்கள். குடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும், குடித்தேன்.

அவரை விலக்கிவிட்டார்கள். வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இனி குதிரை ஏற முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அடுகோடியில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நான் இன்னும் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அதற்குள் முனேகௌடர் நிலம் லேஅவுட் ஆகிவிட்டது. நீலகிரித் தோப்பு இருந்த இடத்தில் ஏதோ கிடங்கு. கடைசி இரண்டு வருஷம் சங்கத்து நிலத்துக்குள்ளேயே வட்டம் வட்டமாக லைன் போட்டேன். வட்டமாகப் போட்டால் போன வழியிலேயேதான் வந்து சேர வேண்டும். யாரும் கேட்கவில்லை.

வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு அடுகோடி போவேன், ஒரு கிலோ மைசூர்பாகோடு. அவருடைய பித்தளைக் கொம்பு சாமி படத்துக்குக் கீழே குங்குமப் பொட்டோடு இருக்கும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவார். ஹவுண்டுகளைப் பேர் பேராகக் கேட்பார். எழுந்து கிளம்பும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய பழக்கம் மாதிரி ஒரு கேள்வி கேட்பார்.

"ஏனப்பா ஏழுமலை, லைன் எப்படி?"

"சுத்தம் சார்" என்பேன். தலையாட்டிக் கையை விட்டுவிடுவார்.

ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இந்த வருஷம் மே மாதம் அவர் போய்விட்டார். சேதி எனக்குத் தெரிய பதினைந்து நாள் ஆனது. உடனே போகவில்லை. கென்னல் காலியானது என்று பாஷா சொன்ன பிறகுதான், இனி யாருக்கு என்ன போகப் போகிறது என்று தைரியம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருடைய மகள் காவேரி கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிக் காபி வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு, கோணி, புளியமரம், போன், கமிட்டி, காபி. சொல்லி முடித்தபோது என் காபி ஆடை கட்டியிருந்தது.

அந்தப் பெண் அழும், திட்டும் என்று நினைத்தேன். அவர் கொம்பைத்தான் பார்த்தார்.

"அப்பாவுக்குத் தெரியும் அங்கிள்" என்றார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே என்கிட்ட சொன்னாரு. அவன் பயந்தவன், கேட்டத்தான் பாக்கப் போயிருப்பான்னு."

ஆறின காபியை எடுத்து மறுபடி கீழே வைத்தேன்.

"உங்களுக்காக வெயிட் பண்ணாரு. ஆயுதபூஜை வந்தா காலையிலேயே ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருப்பாரு. நீங்க படி இறங்குவீங்க. இவரு வாக்கரோட ஜன்னலுக்குப் போவாரு. நான் என்னப்பான்னு கேப்பேன்." ஜன்னலைக் காட்டினார். "இந்த வருஷமும் சுத்தமாம், அப்படின்னுவாரு."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

கிளம்பும்போது மாடியிலிருந்து, "கீழ கேட்ட சாத்திட்டுப் போங்க அங்கிள், மாடு வந்துடும்" என்றார். சாத்தினேன். கொக்கியைப் போட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனதும் எப்போதும் வருவது வந்தது. போட்டேனா?

திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அது சாத்தித்தான் இருந்திருக்கும். அன்றைக்கும் சாத்தித்தான் இருந்தது.